கடல் கடக்கும் படிப்பு



ரப்பர்த் தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்குப் 'பேர்' என்ற சொல்லை நாம் விளக்க வேண்டியதில்லை. விடியுமுன் பெரட்டுக்களத்தில் நின்று, வெட்டுக்குப் போய், பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்த பிறகு, கிராணியார் செக்ரோலில் பேர் போட்டால்தான் அன்றைய உழைப்பு கணக்கில் ஏறும். மழையில் பாதி நாள் போனால் அரைப் பேர். ஒரு தோட்டத்தில் இருபது வருஷம் பேர் போட்டவர் பக்கத்துத் தோட்டத்துக்குக் குடிபோனால், அங்கே அவர் முதல் நாள் ஆள். பழைய செக்ரோலைப் புதிய கிராணியார் கேட்கவும் மாட்டார், பார்க்கவும் மாட்டார். 1950-களிலும் 60-களிலும் பெரிய தோட்டங்கள் துண்டுபோட்டு விற்கப்பட்ட காலத்தில், இருந்த இடத்தைவிட்டு அசையாதவர்களுக்கே இந்தக் கதி நேர்ந்தது. ஆள் அதே ஆள், மரம் அதே மரம். முதலாளி மாறியதால் போட்ட பேரெல்லாம் பழங்கணக்காய்ப் போயிற்று.

ஆனால் 1951-ஆம் ஆண்டிலே ஊழியர் சேமநிதி வந்தது. அதன் வழி வேறு. ஈப்போவில் வேலை செய்தாலும் சரி, கிள்ளானுக்குப் போனாலும் சரி, உறுப்பினரின் எண் அவர் கூடவே போகும். சேர்த்தது சேர்த்ததுதான். பேர் தோட்டத்துக்குச் சொந்தம், சேமநிதி ஆளுக்குச் சொந்தம் என்று சுருக்கமாகச் சொல்லலாம்.

படிப்பு இந்த இரண்டில் எதைப் போன்றது? ஓரிடத்தில் படித்த படிப்பு ஆளோடு கூடப் போகுமா, படித்த இடத்திலேயே தங்கிவிடுமா? இன்றைய பேச்சில் இதைத்தான் ஆராயப்போகிறோம். எல்லாப் படிப்பையும் எடுத்துக்கொண்டால் நேரம் போதாது. ஆகவே கிறிஸ்தவ இறையியல் பட்டங்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். நேயர்களில் பலர் அந்தச் சமயத்தைச் சேராதவர்களாக இருக்கலாம். அதனால் குற்றமில்லை. படிப்பு கடல் கடந்த வரலாற்றில் இதைப்போலத் தமிழ் மண்ணோடு பின்னிக்கிடக்கும் துறை வேறொன்றை நாம் காணவில்லை. தரங்கம்பாடியில் தொடங்கி, வங்காளத்துக்குப் போய், மதுரைக்குத் திரும்பி, சிங்கப்பூர் வழியாக நமது பேராக் வரைக்கும் வந்த வரலாறு இது.

முதலில் ஒரு சொல். கல்லூரிகளில் 'கிரெடிட்' என்கிறார்கள். வாரத்துக்கு இத்தனை மணி நேரம், ஒரு பருவம் முழுவதும் ஒரு பாடத்தைப் படித்துத் தேறினால், மாணவர் கணக்கில் இத்தனை கிரெடிட் வரவு வைக்கப்படும். நாம் இதைப் 'பாடவரவு' என்று சொல்லிக்கொள்வோம். இந்த முறை பிறந்த கதை வேடிக்கையானது. அமெரிக்கச் செல்வர் ஆண்ட்ரூ கார்னெகி 1905-இல் கல்லூரிப் பேராசிரியர்களின் ஓய்வூதியத்துக்காக ஒரு கோடி டாலர் நன்கொடை கொடுத்தார். யாருக்கு ஓய்வூதியம் கொடுப்பது? எது கல்லூரி, எது கல்லூரி அல்ல என்று முதலில் பிரித்தாக வேண்டுமே! ஆகவே, உயர்நிலைப் பள்ளியில் ஒரு பாடத்தை ஏறக்குறைய 120 மணி நேரம் படித்தால் ஓர் அலகு என்றும், இத்தனை அலகு படித்து வருகிற மாணவரையே சேர்க்கும் நிலையம்தான் கல்லூரி என்றும் கார்னெகி அறநிலையம் வரையறுத்தது. ஓய்வூதியத்துக்காகப் போட்ட அந்த மணிக்கணக்குத்தான் அளவுகோலாகி உலகமெங்கும் பரவிற்று. சேமநிதியையும் படிப்பையும் ஒப்பிட்டது நமது கற்பனை மட்டுமன்று என்பதற்காக இதைச் சொன்னோம்.

இனித் தரங்கம்பாடிக்குப் போவோம். டென்மார்க் அரசருக்குச் சொந்தமாயிருந்த அந்தக் கடற்கரைப் பட்டினத்தில் 1706-இல் வந்திறங்கியவர் சீகன்பால்கு. தமிழ் கற்றார், அச்சுக்கூடம் வைத்தார், புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். இவையெல்லாம் நேயர்கள் கேள்விப்பட்டவையே. 1716-இல் அங்கே உள்ளூர் ஊழியர்களைப் பயிற்றுவிக்க ஒரு பயிற்சி நிலையம் தொடங்கியதும் நமது கதைக்கு வேண்டிய செய்தி. 1733-ஆம் ஆண்டு டிசம்பரில் ஆரோன் என்ற தமிழர் அங்கே குருவாக அபிஷேகம் பெற்றார். இந்தியாவில் புராட்டஸ்டண்டு சபையில் குருப்பட்டம் பெற்ற முதல் இந்தியர் அவரே.

ஆரோன் எத்தனை பாடவரவு வைத்திருந்தார் என்று எவரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை. அவரைப் பயிற்றியவர்களும், அவருக்குப் பட்டம் கொடுத்தவர்களும், அவர் பிரசங்கத்தைக் கேட்டவர்களும் அவரை நேரில் அறிந்த மக்கள். நம் தோட்டங்களிலும் பழைய வாத்தியார்கள் அப்படித்தான் இருந்தார்கள். இன்ன வாத்தியாரிடம் படித்தவன் என்றால் போதும், அதுவே சான்றிதழ். ஆளை அறியாத இடத்துக்குப் போகும்போதுதான் காகிதம் தேவைப்படுகிறது.

அந்தக் காகிதத்தைப் பெறுவதற்காகக் கடல் கடந்தவர் யோசுவா மார்ஷ்மன். வில்லியம் கேரி, மார்ஷ்மன், வார்டு ஆகிய மூவரும் 1818-இல் கல்கத்தாவுக்கு அருகேயுள்ள செராம்பூரில் ஒரு கல்லூரி தொடங்கினார்கள். செராம்பூரும் அப்போது தரங்கம்பாடியைப் போலவே டென்மார்க்கின் ஆட்சியில் இருந்தது. மார்ஷ்மன் 1826-இல் கோப்பன்ஹேகன் சென்று அரசரிடம் விண்ணப்பித்தார். ஆறாம் பிரெடெரிக் அரசர் 1827 பிப்ரவரி 23-ஆம் நாள் அரச சாசனம் வழங்கினார். கோப்பன்ஹேகன், கீல் ஆகிய சர்வகலாசாலைகளைப்போலவே செராம்பூரும் பட்டம் வழங்கலாம் என்பது சாசனத்தின் சாரம். கல்கத்தா, பம்பாய், சென்னைச் சர்வகலாசாலைகள் தோன்ற இன்னும் 30 ஆண்டுகள் இருந்தன என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் இதன் பெருமை விளங்கும்.

பெருமை காகிதத்தோடு நின்றது. பணமில்லை, ஆளில்லை. 1834-இல் கேரி மறைந்தார். 1845-இல் டென்மார்க் அரசு தரங்கம்பாடியையும் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்குக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் விற்றுவிட்டது. தோட்டம் கைமாறிய கதையேதான்! ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. கல்லூரிக்கு அரசர் கொடுத்த உரிமைகள் அப்படியே தொடரும் என்று விற்பனை உடன்படிக்கையிலேயே எழுதிவைத்தார்கள். யாரோ ஒருவர் முன்யோசனையோடு எழுதிய அந்த ஒரு பிரிவு இல்லாவிட்டால் நமக்கு இன்று சொல்லக் கதையே இருந்திராது.

உரிமை பெட்டியில் உறங்கிற்று. 1857-இல் செராம்பூர்க் கல்லூரி, புதிதாகத் தோன்றிய கல்கத்தா சர்வகலாசாலையோடு இணைந்தது. லண்டனை மாதிரியாகக் கொண்ட அந்தப் புதிய சர்வகலாசாலைகள் சமயச் சார்பற்றவை; இறையியலில் அவை பட்டம் கொடுக்கவில்லை. ஆகவே இறையியல் படித்த இந்தியருக்கு, எவ்வளவு படித்தாலும், தம் நாட்டில் பட்டம் கிடையாது. பட்டம் வேண்டுமானால் இங்கிலாந்துக்கோ அமெரிக்காவுக்கோ கப்பலேற வேண்டும். 1906-இல் முதல்வராக வந்த ஜார்ஜ் ஹாவெல்ஸ்தான் பெட்டியைத் திறந்தவர். 1915-இல் செராம்பூர் முதன்முதலாக இறையியல் இளநிலைப் பட்டங்களை, அதாவது பி.டி. பட்டங்களை, வழங்கிற்று. சாசனம் கிடைத்து 88 ஆண்டுகள் கழித்து!

1918-இல் வங்காளச் சட்டசபை செராம்பூர்க் கல்லூரிச் சட்டத்தை நிறைவேற்றியது. நமது பொருளுக்கு இது மிக முக்கியமான ஆண்டு. அந்தச் சட்டத்தின்படி செனட் என்னும் கல்விக்குழு அமைந்தது. பல்வேறு சபைகளைச் சேர்ந்தவர்கள் அதில் இடம்பெற்றார்கள். மற்ற ஊர்களிலுள்ள இறையியல் கல்லூரிகள் அதனோடு இணைந்து, ஒரே பாடத்திட்டத்தைப் பின்பற்றி, ஒரே தேர்வை எழுதி, ஒரே பட்டத்தைப் பெற வழி பிறந்தது. பெங்களூரில் 1910-இல் தொடங்கிய ஐக்கிய இறையியல் கல்லூரியும் அவ்வாறு இணைந்த கல்லூரிகளில் ஒன்று.

இதன் பயன் என்ன? பெங்களூரில் படித்தவருடைய மதிப்பெண் கல்கத்தாவில் செல்லும். லுத்தரன் கல்லூரியில் படித்ததை ஆங்கிலிக்கன் கல்லூரி மறுக்க முடியாது. அதைவிடப் பெரிய பயன், கீழ்ப்படியிலிருந்து மேற்படிக்கு ஏற ஏணி கிடைத்தது. சர்வகலாசாலைப் பட்டம் பெற்றவர் நேரே பி.டி. படிக்கலாம். அந்தப் பட்டம் இல்லாதவர்களுக்குத் தாய்மொழியில் எல்.டிஎச். என்ற படிப்பும், பின்னர் பி.டிஎச். என்ற படிப்பும் இருந்தன. பி.டிஎச். முடித்தவர் மேலே பி.டி.க்குப் போகும்போது, முன்பு படித்தது கணக்கில் சேர்ந்து, படிக்கவேண்டிய காலம் குறையும். ஏணியின் கீழ்ப்படியில் நின்றவர்களில் பலர் நாட்டுப்புறத்து உபதேசிமார். திருநெல்வேலிச் சீமையில் உபதேசியாரே பள்ளிக்கூட வாத்தியாராகவும் இருந்த கிராமங்கள் எத்தனையோ உண்டு.

தமிழில் இந்த ஏணி முழுமை பெற்றது மதுரையில். நாசரேத்துக்கு அருகில் திருமறையூரில் இருந்த தமிழ்நாடு இறையியல் கல்லூரியும், சென்னைக் குருகுல லுத்தரன் இறையியல் கல்லூரியின் தமிழ்ப் பிரிவும் ஒன்றுசேர்ந்து, 1969-இல் மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரி ஆயிற்று. அங்கே பி.டி. வரைக்கும் தமிழிலேயே படிக்கலாம். தரங்கம்பாடியில் தமிழில் தொடங்கிய படிப்பு இரண்டரை நூற்றாண்டு சுற்றி வந்து, தமிழிலேயே பட்டமாகக் கிடைத்தது. இதை நாம் மகிழ்ச்சியோடு சொல்லுகிறோம். இதிலிருந்து பிறந்த ஒரு சிக்கலையும் பின்னால் சொல்லுவோம்.

இப்பொழுது மலாயாவுக்கு வருவோம். தோட்டங்களுக்கு ஆள் வந்தபோது அவர்களோடு மாரியம்மனும் வந்தாள், முனியாண்டியும் வந்தார், வேதாகமமும் வந்தது. கத்தோலிக்கர், மெதடிஸ்டுகள், ஆங்கிலிக்கர், லுத்தரன்கள் எனப் பல சபைகள் தமிழர்களிடையே தோன்றின. ஈப்போ நகரில் 1895-இல் ஆங்கிலோ சீனப் பள்ளியைத் தொடங்கிய ஹோர்லி பாதிரியாரை நகரத்துப் பெரியவர்கள் அறிவார்கள். ஆனால் தோட்டத்து வழிபாட்டை நடத்தியவர் ஹோர்லியைப் போன்ற வெள்ளைக்காரப் பாதிரியார் அல்லர். பட்டம் எதுவுமில்லாத உபதேசியார்தான் அதை நடத்தினார். சைக்கிளில் லயன் லயனாகப் போவார். தோட்டப் பள்ளியும் ஏறக்குறைய அவ்வாறே நடந்தது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்கவேண்டும் என்று 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத்தொகுப்பு சொன்னது. பாடம் சொல்லிக்கொடுப்பவர் என்ன படித்திருக்கவேண்டும் என்பதில் அன்றைய நிர்வாகங்கள் அவ்வளவு கவலைப்படவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்த கிராணியோ தண்டலோ வாத்தியாரானார்கள். உபதேசியாரும் வாத்தியாரும் ஒரே சாதிப் படிப்பாளிகள். தெரிந்தது நிறைய, கையில் காகிதம் இல்லை.

பட்டம் பெற்ற தமிழ்ப் போதகர் வேண்டுமானால் சபைகள் தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வரவழைத்தன. கத்தோலிக்கர்களுக்கு இந்தக் கவலை குறைவு. 1665-இல் சயாம் தேசத்து அயுத்தியாவில் தொடங்கிய பொதுக் குருமடம், பல இடம் சுற்றி, 1808 வாக்கில் பினாங்கில் நிலைத்தது. பல நாட்டு மாணவர்கள் அங்கே ஒன்றாக லத்தீனில் படித்தார்கள். படிப்பு மொழி ஒன்று, பாடத்திட்டம் ஒன்று, தலைமை ரோமாபுரியில் ஒன்று. ஒரு நாட்டில் படித்தது இன்னொரு நாட்டில் செல்லுமா என்ற கேள்விக்கு அங்கே அதிக இடமில்லை.

மற்றச் சபைகளுக்கு அத்தகைய பொதுமொழி இல்லை. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் சிங்கப்பூர் சாங்கியில் சிறைப்பட்டிருந்த சபைத் தலைவர்களிடையே, போருக்குப் பின் எல்லோருக்கும் பொதுவாக ஓர் இறையியல் கல்லூரி வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. ஆங்கிலிக்கப் பேராயர் லியோனர்டு வில்சனும், மெதடிஸ்டுத் தலைவர் ஹோபர்ட் ஆம்ஸ்டட்ஸும் அவர்களில் குறிப்பிடத்தக்கவர்கள். அதன்படி 1948-இல் சோபியா குன்றில் டிரினிட்டி இறையியல் கல்லூரி பிறந்தது. அதன்பின் மலாயாத் தமிழ் மாணவர் முன்னே இரண்டு வழிகள் இருந்தன. சிங்கப்பூர் போய் ஆங்கிலத்தில் படிக்கலாம், அல்லது இந்தியா போய்ப் படிக்கலாம். இரண்டு வழியும் வெவ்வேறு ஏணியில் ஏறும் வழிகள்.

இந்த இரண்டு ஏணிகளையும் யார் ஒப்பிட்டுப் பார்ப்பது? இங்கேதான் சென்னைப் பட்டணத்தோடு தொடர்புள்ள ஒருவரைச் சொல்லவேண்டும். சார்லஸ் ரேன்சன் என்ற மெதடிஸ்டு மிஷனரி சென்னையில் ஊழியம் செய்தவர். அந்நகர மக்களின் வாழ்க்கை நிலை பற்றி 1938-இல் ஒரு நூல் எழுதினார். இந்தியப் போதகர்களின் பயிற்சியைப் பற்றியும் ஆராய்ந்து நூல் எழுதியவர். 1957-ஆம் ஆண்டு இறுதியில் கானா நாட்டில் கூடிய உலக மிஷனரி மாநாட்டில், ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்க இறையியல் கல்லூரிகளை வலுப்படுத்த 40 லட்சம் டாலரில் ஒரு நிதி அமைத்தார்கள். இறையியல் கல்வி நிதி என்று பெயர். அதன் முதல் இயக்குநர் இந்த ரேன்சன்தான். நூலகம், பாடநூல், ஆசிரியர் பயிற்சி என்று பணம் போயிற்று. வெளிநாட்டுக்குக் கப்பலேறாமலே நல்ல படிப்பு கிடைக்கவேண்டும் என்பது அதன் நோக்கங்களில் ஒன்று. அந்த நிதியின் பணி 1977-இல் ஜெனீவாவிலுள்ள உலகத் திருச்சபை மன்றத்தில் இறையியல் கல்வித் திட்டமாக மாறியது. 1980-களில் அதற்கு இயக்குநராக இருந்தவர் சாமுவேல் அமிர்தம், மதுரை அரசரடிக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர்.

அதே 1957-இல் தென்கிழக்காசிய இறையியல் கல்லூரிகளின் சங்கமும் சிங்கப்பூரில் உருவானது. அது செய்த ஒரு காரியம் நமக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. 1966-இல் தென்கிழக்காசிய இறையியல் மேற்படிப்புப் பள்ளி என்று ஒன்றைத் தொடங்கினார்கள். அதற்கென்று தனியாக ஒரு பெரிய கட்டடம் எழுப்பவில்லை. ஒரு நாட்டிலுள்ள உறுப்புக் கல்லூரியில் படிக்கும் மாணவர், இன்னொரு நாட்டுக் கல்லூரியின் பேராசிரியரிடமும் பாடம் கேட்கலாம், பட்டத்தை வட்டாரப் பள்ளி கொடுக்கும் என்பது ஏற்பாடு. பிலிப்பீன்ஸ், இந்தோனேசியா, ஹாங்காங், தைவான், தாய்லாந்து, சிங்கப்பூர், மலேசியா என்று அதன் வட்டாரம் விரிந்திருந்தது. ஜப்பானிய அறிஞர் கோயாமா 1968 முதல் 1974 வரை அதன் தலைவராக இருந்தார். அந்தப் பள்ளியின் இடத்தில் பிற்காலத்தில் அச்சங்கத்தின் இறையியல் ஒன்றியம் வந்தது. சேமநிதி எண்ணைப்போல ஆளோடு கூடச் செல்லும் படிப்பு என்று முதலில் கேட்டோமே, அதற்கு மிக அருகில் வந்த முயற்சி இதுதான் என்பது நமது கருத்து.

ஆனால் ஒரு விலை உண்டு. ஒருவர் படித்ததை மற்றவர் ஏற்கவேண்டுமானால் இருவரும் ஏறக்குறைய ஒன்றையே படித்திருக்கவேண்டும். ஒன்று என்றால் எதை? ஐரோப்பாவும் அமெரிக்காவும் வகுத்த பாடங்களையா? இந்தக் கேள்வி 1970-களில் ஆசியாவில் பலமாக எழுந்தது. மேற்சொன்ன சங்கம் 1972-இல், ஆசிய மண்ணின் நிலையை வைத்தே இறையியலைக் கற்பிக்கவேண்டும் என்ற நெறியை ஏற்றது. நல்ல நெறிதான். ஆயினும் பாருங்கள்: மண்ணுக்கு ஏற்றபடி பாடம் மாறினால் அடுத்த மண்ணில் அதன் மதிப்பு குறையும்; எல்லா மண்ணிலும் செல்லவேண்டுமென்றால் எந்த மண்ணின் வாசனையும் இருக்காது. இந்த முடிச்சு இன்றுவரை அவிழவில்லை.

நம் நாட்டில் நிலைமை வேகமாக மாறிற்று. சிங்கப்பூர் 1965-இல் தனி நாடாயிற்று. அயல்நாட்டுப் போதகர்கள் நீண்டகாலம் தங்குவதற்குக் கட்டுப்பாடுகள் வந்தன. மெதடிஸ்டு திருச்சபை 1968-இல் தன்னாட்சி பெற்றது. 1976-இல் மலேசியாவுக்குத் தனிப் பேராயராக சி. என். பெர்னாண்டஸ் பொறுப்பேற்றார். உள்ளூரிலேயே போதகர்களைப் பயிற்றியாகவேண்டும் என்ற நிலையில், ஆங்கிலிக்க, மெதடிஸ்டு, லுத்தரன் சபைகள் சேர்ந்து 1979-இல் மலேசிய இறையியல் கல்லூரியைத் தொடங்கின. கோலாலம்பூர் வட்டாரத்தில் இருந்த அது 1998-இல் சிரம்பானுக்கு மாறியது.

இந்தக் காலத்தில் ஒருவர் ஏதோ ஒரு சர்வகலாசாலையில் மேற்பட்டப் படிப்புப் படித்திருக்கிறார், அதை இறையியல் பட்டத்துக்கு வரவு வைக்கச் சொல்லுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கல்லூரிப் பதிவாளர் என்ன பார்ப்பார்? எந்த நிலையத்தில் படித்தார், அந்த நிலையத்துக்கு அங்கீகாரம் உண்டா என்று முதலில் பார்ப்பார். அடுத்துப் பாடத்திட்டத்தைக் கேட்பார். பாடத்தின் தலைப்பை மட்டும் பார்த்து எவரும் ஏற்பதில்லை; எத்தனை மணி நேரம், என்னென்ன நூல், என்ன தேர்வு என்று கேட்பார்கள். வெறுமனே தேறியிருந்தால் போதாது, நல்ல மதிப்பெண் வேண்டும் என்பதும் பொது வழக்கம். படித்து ஆண்டுகள் பல ஆகியிருந்தால் காலாவதி என்று தள்ளும் கல்லூரிகளும் உண்டு. இவையெல்லாம் சரியாக இருந்தாலும், அந்தப் பாடவரவுகளைக் கொண்டு ஏற்கெனவே ஒரு பட்டம் வாங்கிவிட்டாரா என்பது பெரிய கேள்வி. வட அமெரிக்க இறையியல் கல்லூரிகளின் சங்கம் நெடுங்காலம் வைத்திருந்த விதிப்படி, முடித்த பட்டத்தின் பாடவரவுகளில் பாதிக்கு மேல் அடுத்த பட்டத்துக்குக் கொண்டுபோக முடியாது. ஒரு நாள் உழைப்புக்கு இரண்டு பேர் போட முடியாது அல்லவா? அந்த நியாயம் நமக்கு விளங்குகிறது.

அரசுகளும் இதில் இறங்கியிருக்கின்றன. ஐரோப்பிய நாடுகள் பொலோனா ஏற்பாடு என்று ஒன்றை 1999-இல் தொடங்கி, ஒரு நாட்டுப் பாடவரவு மறு நாட்டில் செல்லும்படி செய்தன. வத்திக்கானும் 2003-இல் அதில் சேர்ந்தது. லத்தீன் கொடுத்திருந்த பொதுமையை இப்போது எண் கொடுக்கவேண்டியதாயிற்று! நம் நாட்டில் மலேசியத் தகுதி முகமை 2007-இல் அமைந்தது. பாடவரவு மாற்றத்துக்கு அது விதிகள் வகுத்திருக்கிறது. வகுப்பறைக்கு வெளியே, வேலையிலும் வாழ்விலும் கற்றதை மதிப்பிட்டுத் தகுதியாக ஏற்கும் முறையையும் அது வைத்திருக்கிறது. அந்த முறை அன்றே இருந்திருந்தால் நம் பழைய உபதேசிமாரையும் தோட்டத்து வாத்திமாரையும் எந்தப் படியில் வைத்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கிறோம்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிச் சான்றிதழோடு பள்ளிக்கு வந்தவர்களான நமக்கு இதெல்லாம் தூரத்துச் செய்தி அன்று. நம் பேராக்கிலேயே தஞ்சோங் மாலிமில் 1922-இல் தொடங்கிய சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி, 1997-இல் சர்வகலாசாலை ஆனது. பயிற்சிக் கல்லூரியில் நாம் கற்ற கற்பித்தல் முறை, உளவியல், செய்முறைப் பயிற்சி எல்லாவற்றுக்கும் பட்டப்படிப்பில் எத்தனை வரவு என்ற கணக்கு, ஆசிரியர் ஓய்வறைகளில் ஓயாமல் நடந்த பேச்சு.

நாம் அருகிருந்து பார்த்த ஒன்றைச் சொல்லவேண்டும். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர், ஞாயிறுதோறும் தம் சபையில் பிரசங்கமும் செய்பவர். தோட்டம் இப்போது செம்பனையாகிவிட்டது. தபால் வழியாகத் தமிழில் முதுகலைப் பட்டம் பெற்றவர். இறையியலில் முதுநிலைப் படிப்புக்கு ஒரு கல்லூரியில் விண்ணப்பித்தார். தமிழ்ப் பட்டத்தின் பாடங்களை வரவு வைக்க முடியுமா என்று கேட்டார். பாடத்திட்டம் முழுவதையும் ஆங்கிலத்தில் அனுப்பச் சொன்னார்கள். அந்த மொழிபெயர்ப்பு வேலை நம் தலையில் விழுந்தது.

நான்கு சனிக்கிழமை உட்கார்ந்தோம். 'உரையாசிரியர்கள்' என்று ஒரு தாள் இருந்தது. இளம்பூரணர், நச்சினார்க்கினியர், பரிமேலழகர் எல்லோரும் அதில் இருந்தார்கள். ஒரு மூலத்தை வைத்துக்கொண்டு, சொல்லுக்குப் பொருள் கண்டு, பாடபேதம் பார்த்து, முன்னோர் உரையை மறுத்து, இடம் நோக்கி விளக்குவது அவர்கள் செய்த வேலை. வேதத்துக்கு விளக்கம் காணும் கலை என்று இறையியல் கல்லூரி கற்பிப்பதும் முறையில் அதுதானே என்று நண்பர் வாதாடினார். திருக்குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் பெயர்த்த போப்பையர் இருந்திருந்தால் ஒப்புக்கொண்டிருப்பார் என்று நாமும் ஒரு வரி சேர்த்தோம். பிறகு, பதிவாளருக்கு எழுதும் கடிதத்தில் இதெல்லாம் எதற்கு என்று அந்த வரியை அடித்துவிட்டோம்.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. ஆராய்ச்சி நெறிமுறை என்ற தாளை ஏற்றுக்கொண்டார்கள். மற்றவை இறையியலோடு நேரடியாகத் தொடர்புடையவை அல்ல என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள். உரையாசிரியர்கள் தாளைப் பற்றி மட்டும் ஒரு தனி வரி இருந்தது: வரவு வைக்க இயலாது, ஆனால் அந்தப் பொருளில் ஆய்வேடு எழுத விரும்பினால் ஆசிரியர் குழு வரவேற்கும். தமிழில் எழுதலாமா என்று நண்பர் திருப்பிக் கேட்டார். ஆங்கிலத்தில் எழுதவேண்டும் என்று பதில் வந்தது. மதுரையில் தமிழிலேயே பி.டி. வரைக்கும் படிக்கலாம் என்று முன்பு மகிழ்ந்து சொன்னோமே, அங்கிருந்து ஒருவர் தமிழ் ஆய்வேட்டோடு இப்பக்கம் வந்தாலும், அதை எடைபோட முதலில் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் இங்கே உட்கார்ந்திருக்கவேண்டும். அப்படி எவரும் இல்லாத இடத்தில், ஏடு ஏடாகவே இருக்கும், கணக்கில் ஏறாது.

நண்பர் சேர்ந்துவிட்டார். ஒரு தாள் போக மற்றதெல்லாம் முதலிலிருந்து. சென்ற வாரம் ஈப்போ லிட்டில் இந்தியாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் அவரைப் பார்த்தோம். பழைய மாணவர் வருகைப் பதிவேட்டுத் தாளின் பின்பக்கத்தில் கிரேக்க எழுத்துகளை எழுதிக்கொண்டிருந்தார். மொத்தம் 24 எழுத்துத்தானாம். நம்முடையது 247 ஆயிற்றே, இதற்கா பயப்படுவது என்று சொல்லி, இன்னொரு தேநீருக்குச் சொன்னார்.